மூக்கன் காட்டிய மஞ்சள் விளக்கு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள்; பால் பொங்கி வழிந்துவிட்டதென்று பாதியில் எழுந்து ஓடினால் எனக்குப் பிடிக்காது. இன்றைக்கு ஒரு நல்ல கதை சொல்கிறேன். நடந்த கதை இல்லை, இனிமேல் நடக்கப்போகிற கதை. உங்கள் பேரன் பேத்திகள் தலையெடுத்திருக்கும் காலத்தில், திருப்பூரில் நடக்கும். இதில் ஒரு பொல்லாத நோய் வருகிறது. வந்தால் வரட்டும். உங்களை அழவைத்து அனுப்புகிற ஆள் நான் இல்லை.

அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பதித்திருப்பார்கள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நலங்காணி. ஊர் வைத்த பெயர் மூக்கன். மோந்து பார்ப்பதுதான் அதன் வேலை, அதனால் அந்தப் பெயர். வீட்டில் இருப்பவர்கள் சிறுநீர் கழித்தால் மூக்கன் அதை மோந்து பார்த்து, எல்லாம் நலமென்றால் பச்சை விளக்கு காட்டும். ஏதோ சரியில்லை என்றால் மஞ்சள். ஆனால் யாருக்குச் சரியில்லை என்பதை மட்டும் சொல்லாது.

அதற்குக் காரணம் உண்டு. முதலில் வந்த மூக்கன்கள் ஆளைச் சொல்லத்தான் செய்தன. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு மூக்கன் சொன்னதையும் கொண்டுவா என்றார்கள். வேலை கொடுக்கிறவர்கள் கேட்டார்கள். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள்கூடக் கேட்டார்கள். ஊர் சிரிப்பாய்ச் சிரித்து, வழக்காகி, கடைசியில் சட்டம் வந்தது: மூக்கன் வீட்டைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது; யாருக்கென்று எவரும் நோண்டிக் கேட்கவும் கூடாது. வீட்டில் உள்ளவர்களே ஆஸ்பத்திரிக்குப் போய் யாரென்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நம் கதை துளசிமணியைப் பற்றியது. ஐம்பதைத் தாண்டியவள். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். கொடிமலர் அடுக்ககத்தில் இரண்டாவது மாடி. வீட்டில் நான்கு பேர்: அவள், பட்டன் கடை வைத்திருக்கும் கணவர் நாச்சிமுத்து, மகன் பரணி, மருமகள் நிறைமதி. துளசிமணி அந்த அடுக்ககத்துக்குச் செயலாளரும்கூட. மூக்கன் வந்த புதிதில் அவள்தான் கூட்டத்தில் எழுந்து, "வேலைக்கு வர்றவங்க, பொட்டலம் கொண்டார்றவங்கன்னு ஆராரோ வந்து போனா மூக்கன் கொழம்பிப்போயிருமுங்க. நம்ம சீக்கு எது, அவிய சீக்கு எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் கை தூக்கினார்கள். வெளியாட்கள் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். கீழ்த்தளத்தில் இருந்த பொதுக் கழிப்பறையையும் இடித்து, வண்டிகளுக்கு சார்ஜ் ஏற்றுகிற இடமாக்கிவிட்டார்கள். வேலைக்கு வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. துளசிமணியும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட துளசிமணி வீட்டில் ஒரு காலை, பல் துலக்கப் போன நேரத்தில், மூக்கன் மஞ்சள் விளக்கு காட்டியது.

வாயில் நுரையோடு அப்படியே கூடத்துக்கு வந்தாள். "ஏனுங்க, எந்திரிச்சு வாங்க. மூக்கன் மஞ்சளாப் போயிட்டான்" என்றாள்.

துளசிமணி போன் செய்து கூப்பிட, மத்தியானத்துக்குள் நகர சுகாதார நிலையத்திலிருந்து ஜெசிந்தா வந்தாள். மூக்கன் சொல்வதைப் படித்து வீட்டாருக்குப் புரியும்படி சொல்வது அவள் வேலை. பெட்டியைத் திறந்து பார்த்தாள், கை கழுவினாள், நால்வரையும் உட்காரச் சொன்னாள்.

"பயப்படாமக் கேளுங்க. சிறுநீர்ப்பைல ஒரு புற்று ஆரம்பிச்சிருக்கு. ஒருத்தருக்கு. யாருக்குன்னு எனக்கும் தெரியாது."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "ஆரம்பிச்சிருக்குதுன்னா?"

"உங்க ஊரு கணக்குல சொல்றேன். பனியன் கம்பெனியில ஆர்டர் எடுக்கறதுக்குன்னு வாசல்ல ஒரு ஆள் இருப்பாருல்ல? வெளியில இருந்து ஆர்டர் வந்தா உள்ள போய்ச் சொல்லுவாரு, மெஷின் ஓடும். வரலைன்னா கம்முனு இருப்பாரு. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லோட வாசல்லயும் அப்படி ஒரு ஆள் உண்டு. ஏற்பின்னு பேரு. வளருன்னு சேதி வந்தா மட்டும் உள்ள சொல்லணும். அந்த ஏற்பியைச் செய்யற மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னு வைங்க..."

"ஆர்டரே இல்லாம ஆர்டர் வந்துருச்சுன்னு கத்துவான்" என்றான் பரணி. அவன் அந்தத் தொழிலில்தான் இருந்தான்.

"அதேதான். மெஷின் ராப்பகலா ஓடும். வாங்க ஆளில்லாத பனியன் மலையாக் குவியும். அந்தக் குவியல்தான் புற்று. இப்போதைக்கு அது பையோட உள்பூச்சுல மட்டும் இருக்கு. இப்பவே பிடிச்சா அந்த ஏற்பியோட வாயை அடைக்க மாத்திரை இருக்கு, சாப்பிட்டுட்டு வேலையைப் பாக்கப் போயிடலாம். விட்டுட்டா, கூட இன்னொரு மரபணுவும் கெட்டு, சுவரைத் துளைச்சுத் தசைக்குள்ள இறங்கிரும். அப்புறம் பையையே எடுக்க வேண்டி வரும். அதுக்கும் மேல போனா எங்க கையில இல்லை. அதனால தள்ளிப் போடாம நாலு பேரும் வந்து பரிசோதனை பண்ணிக்குங்க."

அவள் போனதும் வீடு வேறு வீடாகிவிட்டது. ஒவ்வொருவரும் தனக்குத்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். நாச்சிமுத்து அலமாரியைத் திறந்து, எந்தச் சாவி எதற்கு என்று மனைவிக்கு விளக்க ஆரம்பித்தார். துளசிமணி அவருக்குப் பிடித்த கச்சாயம் சுட்டாள்; அதுவரை சர்க்கரை, கொழுப்பு என்று அவர் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருந்த பலகாரம். பரணி தன் மனைவியிடம் கொல்லிமலைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது. நிறைமதி நேராக மாமியாரிடம் வந்து, "அத்தை, உங்க பட்டுச் சேலையில இஸ்திரிப் பெட்டியை வெச்சுச் சுட்டது நான்தான். வேலைக்காரி இல்லை" என்றாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அம்மிணி. நீயா சொல்லுவீன்னுதான் இருந்தேன்" என்றாள் துளசிமணி. மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் கச்சாயம் தின்றார்கள்.

நால்வரும் ஒன்றாகப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார்கள். முடிவு வந்தது. நாலு பேருக்கும் ஒன்றுமில்லை.

அந்தக் குதூகலத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நாச்சிமுத்து ஆஸ்பத்திரி வாசலிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மூக்கனுக்குச் சளி புடிச்சிருச்சாட்ட இருக்குது!" என்றார். வழியில் நிறுத்தி ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், மூக்கன் மறுபடி மஞ்சள்.

துளசிமணி ஜெசிந்தாவைத் திரும்ப வரவழைத்தாள். "உங்க பெட்டி கெட்டுப்போச்சுங்க. வேற மாத்திக் குடுங்க."

ஜெசிந்தா நெடுநேரம் பார்த்தாள். "பெட்டி நல்லாத்தாங்க இருக்கு. அதே ஏற்பி, அதே மாறின எழுத்து. இன்னிக்குக் காலையிலகூட வந்திருக்கு. உங்க நாலு பேர் தவிர இங்க யார் வர்றாங்க?"

"ஆரும் வர்றதில்லீங்."

"வெளியாள் யாராவது?"

துளசிமணிக்குச் சுருக்கென்றது. "எங்கூட்லயா? அந்தப் பலகையை மாட்டுனதே நானுங்க. செகரட்டரிங்க நான்!"

நாச்சிமுத்து சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏனுங்க?" என்றாள் துளசிமணி.

"இல்ல துளசி... வீடு வீடாப் பனியன் குடுத்துட்டு, நூல் பிசிறு வெட்டுனதைத் திரும்ப வாங்கிட்டுப் போகுதுல்ல, அந்தப் பேச்சி. ஒரு நாளு நான் மத்தியானம் சோத்துக்கு வர்றப்ப மாடிப்படியில காலைப் பின்னிக்கிட்டு நின்னுட்டிருந்துச்சு. மொகமெல்லாம் வேர்த்து. என்னம்மான்னேன். ஒன்னுமில்லீங்கன்னுது. ஆம்பளைகிட்ட என்னன்னு சொல்லும்? எனக்குப் புரிஞ்சுது. கதவைத் தொறந்துவிட்டுட்டு நான் வெளிய நின்னுக்கிட்டேன். அதுக்கப்பறம் மத்தியானம் நீ கோயிலுக்குப் போற நாள்ல மட்டும்..."

"மாமா!" என்று நிறைமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்களுமா?"

"நீயுமா?" என்றாள் துளசிமணி.

"காலைல நீங்க காய் வாங்கப் போவீங்கல்ல, அத்தை. அப்ப."

எல்லாரும் பரணியைப் பார்த்தார்கள். அவன் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். "அம்மா, நீ சாயங்காலம் வாக்கிங் போனதும்... அந்தக்கா கீழ வண்டிகிட்ட நிக்கும். நான்தான் சாடை காட்டுவேன்."

"அப்ப நான் வாசல்படி தாண்டுனா இந்த வீடு பஸ் ஸ்டாண்டு கக்கூஸாட்டம் ஓடிட்டிருந்திருக்குது!"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறைமதியும் சிரித்தாள். துளசிமணி சிரிக்கவில்லை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருத்திக்குப் பயந்து, ஒரு நல்ல காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்திருக்கிறார்கள். அந்த ஒருத்தி யாரென்று அவளுக்குப் புரிந்தது.

"எனக்குப் பயந்துட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

அவள் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நிறைமதி, வண்டியை எடு. அந்தப் புள்ள எங்க இருக்கும்?"

பேச்சி துணிக் கிடங்கில் இருந்தாள். நாற்பது வயதுக்காரி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் பிழைக்க வந்தவள். பனியன் மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தவள், துளசிமணி வருவதைக் கண்டதும் கயிற்றை அப்படியே விட்டாள்.

"யக்கா, இனிமே வரமாட்டேன்க்கா. ஐயாவை வையாதீங்க. அவுக பாவம் பார்த்துத்தான் விட்டாக."

வழியெல்லாம் துளசிமணி யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வெயில் கொளுத்தியது. பேச்சியின் உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிச்சயா?" என்றாள்.

பேச்சி விழித்தாள். "வண்டியில ஏறிட்டா தண்ணி குடிக்கிறதில்லைக்கா. குடிச்சுப்புட்டு எங்கிட்டுப் போறது?"

துளசிமணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பேச்சியைக் கிட்டக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஒன்னுக்குப் போறப்ப ரத்தம் ஏதாச்சும் போச்சா? வெக்கப்படாமச் சொல்லு."

"ரத்தம் இல்லக்கா. செவப்பா ரெண்டு மூணு தடவை போச்சு. அது சாயம்."

"சாயமா?"

"குமரியா இருக்கையில சாயப்பட்டறையில கெடந்தேன்ல. கையி, காலு, எச்சி எல்லாம் கலரா இருக்கும். உள்ளுக்குள்ள தங்குன சாயம் இப்பத்தான் வெளியேறுதாக்கும்னு நெனச்சேன். நல்லதுதான, போகட்டும்னு விட்டுட்டேன்."

நிறைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துளசிமணி எழுந்து, பேச்சியின் கையைப் பிடித்தாள். "வண்டியில ஏறு. மூட்டையைக் கம்பெனிக்காரன் பார்த்துக்குவான்."

"எங்கக்கா?"

"போற வழியில சொல்றேன். மொதல்ல ஒரு இளநி குடி. எங்க வேணா நிறுத்திக்கலாம்."

சுகாதார நிலையத்தில் பரிசோதனை முடிந்தது. அவள்தான். சாயப்பட்டறையில் உள்ளே போன சாயம்தான் அந்த எழுத்தை மாற்றியிருக்கும் என்றாள் ஜெசிந்தா. இன்னும் உள்பூச்சோடுதான் இருந்தது, தசைக்குள் இறங்கவில்லை. ஆனால் இன்னொரு சிக்கல். மூக்கன் காட்டிக்கொடுத்த நோய்க்கு, அந்த வீட்டாருக்கு மட்டும்தான் உடனே மருந்து கொடுப்பார்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை அடுத்த வருஷம்வரை நீண்டிருந்தது. அதற்குள் சுவர் துளைத்துப் போகாது என்று யார் உறுதி சொல்வது?

ஜெசிந்தா சங்கடத்தோடு கேட்டாள். "அம்மா, இவங்க உங்க வீட்டு ஆளா?"

பேச்சி அவசரமாகத் தலையாட்டினாள். "இல்லைங்க, நான்..."

"நீ கம்முனு இரு" என்றாள் துளசிமணி. ஜெசிந்தாவைப் பார்த்தாள். "ஏனுங்க, விளக்கு ஆரு வீட்டுல எரிஞ்சுது?"

"உங்க வீட்ல."

"விளக்கு எரிஞ்ச வீட்டுக்கு உடனே மருந்துன்னு ஆரு சொன்னது?"

"நான்தான்."

"வீட்டுல ஆருக்குன்னு நோண்டிக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா, இல்லையா?"

ஜெசிந்தா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "இருக்குங்கம்மா. சட்டப்படி பார்த்தா நான் கேட்டதே தப்பு."

அன்றைக்கே மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள்.

துளசிமணி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுக்ககக் கூட்டத்தைக் கூட்டினாள். மைக்கெல்லாம் வேண்டாம் அவள் குரலுக்கு. "பலகையைக் கழட்டப் போறேனுங்க" என்றாள். "என் வீட்டு மூக்கன் மஞ்சள் காட்டுனான். எங்க ஆருக்கும் இல்லை. துணி எடுக்க வர்ற பேச்சிக்கு. என்ற வீட்டுக்காரங்க மூணு பேரும் எனக்குத் தெரியாம அவளை உள்ள விட்டிருக்காங்க. விடாம இருந்திருந்தா அவளுக்கு நோவு இருக்கறதே தெரிஞ்சிருக்காது. சட்டம் போட்டவ நானு. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

அப்புறம் மூன்றாவது மாடி ராயப்பன், ரிட்டையரான பேங்க்காரர், மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"எங்க வீட்லயும் மஞ்சள் எரிஞ்சுதுங்க."

"எப்ப?"

"போன மாசம். வெளிய சொன்னா என்ன நினைப்பாங்கன்னு கம்முனு இருந்துட்டோம். எனக்குத்தான்னு நெனச்சு, முப்பது வருஷமாப் பேசாத தம்பி வீட்டுக்குப் போய் மன்னிப்பே கேட்டுட்டு வந்துட்டேன்." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "ஏ, பேச்சி நம்ம வீட்டுக்கும் வந்துச்சா?"

அந்த அம்மாள் முந்தானையைத் திருகினாள். "நீங்க பேப்பர் படிக்கறப்ப."

கீழ்வீட்டு டாக்டர் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க வீட்லயும்..." என்றார்கள் ஒரே நேரத்தில். எதிர்வீட்டு வாத்தியார், தனக்குத்தான் நோய் என்று முடிவு செய்து, வாழ்நாள் சேமிப்பில் ஒரு பங்கை எடுத்து மனைவியோடு அந்தமான் போய் வந்துவிட்டாராம். இன்னொரு வீட்டில் மாமனார் பீடியை விட்டுவிட்டார். இப்படி ஒவ்வொன்றாக வெளிவந்தது. பலகை மாட்டக் கை தூக்கிய வீடுகளில் பாதிக்குமேல், அந்தப் பலகையைத் தாண்டிப் பேச்சியை உள்ளே விட்டிருக்கின்றன. மஞ்சள் எரிந்த வீடெல்லாம், நோய் தங்களுக்கு என்று நினைத்து, அடுத்தவர் காதில் விழாமல் மூடி மூடி வைத்திருக்கின்றன.

முதலில் சிரித்தது வாத்தியாருடைய மனைவி. "அந்தமான் போனது போனதுதானுங்க, அதைத் திருப்பிக் கேக்க முடியாது!" என்றாள். அப்புறம் சிரிப்பு கூடமெல்லாம் பரவிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராயப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பியிடம் கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கப்போவதில்லை என்றார். சார்ஜ் ஏற்றுகிற இடத்தைப் பெயர்த்து, முன்பிருந்ததைவிடப் பெரிதாக, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற, தண்ணீர் வருகிற கழிப்பறையாகக் கட்ட முடிவாயிற்று. அதில் மூக்கனும் ஒன்று வைக்க வேண்டும் என்று கேட்டது யார் தெரியுமா? துளசிமணிதான். "மஞ்சள் எரிஞ்சா மொத்த அடுக்ககமும் வீட்டு ஆளுங்கதான். ஜெசிந்தா கேட்டா எங்கிட்ட அனுப்புங்க" என்றாள்.

பேச்சி மாத்திரை சாப்பிட்டாள். ஏற்பி வாயடைத்தது, குவிந்திருந்தது கரைந்தது. நடுவில் நாக்கு ருசி கெட்டு, நகமெல்லாம் உடைந்து சிரமப்பட்டாள். அந்த நாட்களில் துளசிமணி வீட்டு ரசம் கொடிமலரிலிருந்து அவள் குடித்தனத்துக்குத் தவறாமல் போயிற்று. சில நாள் நாச்சிமுத்து கொண்டுபோனார். இப்போது அவர் யாருக்கும் ஒளிக்கவில்லை.

எல்லாம் தெளிவாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, பேச்சி நேராகத் துளசிமணி வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பை விட்டுத் தயங்கினாள். துளசிமணி உள்ளே இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து, செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நல்லாத் தண்ணி குடிக்கோணும்னு டாக்டர் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாருக்கா."

"குடி."

பேச்சி அண்ணாந்து குடித்தாள். பாதியில் பழக்கதோஷத்தில் நிறுத்திக் கதவைப் பார்த்தாள். மிச்ச வேலை, ஏற வேண்டிய மாடிகள், போக வேண்டிய தூரம் எல்லாம் அவள் கண்ணில் ஓடின. பிறகு துளசிமணியைப் பார்த்தாள். மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

"இன்னொரு செம்பு குடுங்கக்கா" என்றாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. போய்வாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் இனிக்கட்டும். உங்கள் வீட்டில் ஒளித்துச் செய்கிற நல்லதெல்லாம் ஒளிக்காமல் செய்கிற காலம் வரட்டும். வெயிலில் வந்து உங்கள் வாசலில் நிற்கிறவர்கள் வாய் நனைத்து, வயிறு குளிர்ந்து, அவசரமில்லாமல் போகட்டும். பிறந்தவர்களும், வந்து சேர்ந்தவர்களும், கணக்கில் வராமல் வந்து போகிறவர்களும் உங்கள் வீட்டில் நோயில்லாமல் நூறாண்டு இருக்கட்டும்.